கைநாட்டு

மூன்றாம் தடவையும் பச்சை விளக்கு எரியவில்லை.
கட்டைவிரலைப் பிடித்துக் கண்ணாடிச் சில்லின் மேல்
இடமிருந்து வலமாய் உருட்டுகிறான் பையன்.
கையை உதறுங்கள் என்றான்.
லோஷன் தடவுங்கள் என்றான்.
தண்ணீர் நிறையக் குடிப்பீர்களா?
குடிப்பேன்.
மொடெஸ்டோ பீச் பழ ஆலையில்
தோலுரிக்கும் காரநீரோடு
பதினோரு கோடை நின்ற கை என்பதை
அவனிடம் சொல்லவில்லை.
திரையில் நானும் பார்த்தேன்:
மழை கரைத்துவிட்ட உழவுச்சால்.

பட்டமும் ஆசிரியர் உரிமமும் ஒன்றாக,
நாலே வருஷத்தில்,
என்றது சேர்க்கை அலுவலகத்துத் தாள்.
ஐந்தாம் வருஷத்துக்கு என்னிடம் காசில்லை என்பது தெரிந்து
எனக்காகவே அச்சடித்த மாதிரி இருந்தது.
மஞ்சள் கட்டங்கள் பட்டத்துக்கு. நீலம் உரிமத்துக்கு.
இரண்டுக்கும் சேர்த்து எண்ணப்படும் பாடங்கள் பச்சை.
என் தூக்கம் போனது பச்சையில்தான்.

காலை எட்டுக்கு எண்களின் அடிப்படை.
பன்னிரண்டரைக்கு மூன்றாம் வகுப்பின் பின்வரிசை,
முழங்கால் தாடையில் இடிக்கும் குட்டி நாற்காலி.
இரண்டுக்கும் நடுவே இருபத்தாறு மைல்.
மார்கழிப் பனியில் பள்ளிப் பேருந்துகளே
இரண்டு மணி நேரம் தள்ளிப்போகும்.
வாதுமைத் தோப்புகள் இருந்த இடம் தெரியாது.
ரயில் பாதை வந்தால் ஜன்னலை இறக்கிவிட்டு
காதால் இரு பக்கமும் பார்த்துக் கடப்பேன்.

தூ ஷியோங்குக்கு எட்டு வயது.
அரையைவிடக் கால்தான் பெரிசு என்றான்.
"நாலு, ரெண்டைவிடப் பெரிசில்லையா மிஸ்?"
திருத்த வாயைத் திறந்தேன்,
மூடிக்கொண்டேன்.
விடை எனக்குத் தெரியும்;
அவன் எந்த இடத்தில் நின்று பார்க்கிறான் என்பது தெரியாது.
மறுநாள் ஒரு டின் பீச்சைத் தட்டில் கவிழ்த்தேன்.
ஒரு பழம். உனக்குக் கால் வேண்டுமா, அரையா?
வெகுநேரம் பார்த்தான்.
மீதி யாருக்கு என்று விசாரித்தான்.
பிறகு, ஏதோ கடனை ஒப்புக்கொள்கிறவன்போல,
"அரை" என்றான்.
"அப்போ நாலு பொய் சொல்லுது மிஸ்."

அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம்
அந்தப் பொய் சொல்லும் நாலையே
யோசித்துக்கொண்டு வந்தேன்.
மூன்று வருஷமாய்ப் படித்த பின்னங்களில்
ஒன்றுகூட அதைப் பிடித்துக் காட்டியதில்லை.

என் அம்மாவுக்கு எழுதத் தெரியாது.
மிச்சோவாகானில் நிலப் பத்திரத்தில் விரல் வைத்தாள்,
இங்கே சம்பளச் சீட்டில் விரல் வைத்தாள்.
மையைப் பாவாடையில் துடைத்துக்கொள்வாள்.
அந்த விரலிலிருந்து தப்பிக்கத்தான்
எழுதக் கற்றேன்,
எழுதச் சொல்லிக்கொடுக்கவும் கற்றேன்.
குழந்தைகள் முன் தனியே நிற்பதற்குள்
மாநிலம் கேட்கிறது:
எங்கே, விரலை வை.

இரண்டாம் கடிதமும் வந்தது.
ரேகைகள் படிக்கத் தகுதியற்றவை.
பெயரை வைத்துத் தேடிப் பார்க்கிறோம், காத்திருக்கவும்.
பட்டம் எப்படியும் மே மாதம் கைக்கு வரும்.
கூடப் பிறக்க வேண்டியது மட்டும்
கண்ணாடிச் சில்லில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஓவிய வகுப்பு.
பிள்ளைகள் ஊதா மையில் கட்டைவிரலைத் தோய்த்து
ஆந்தையும் வண்டும் செய்தார்கள்,
ஒவ்வொன்றிலும் சுழி சுழியாய் வரி.
நீங்களும் வைங்க மிஸ்.
வைத்தேன். வெறும் திட்டு.
தூ குனிந்து பார்த்தான்.
"உங்க விரல்ல பனி மூடியிருக்கு."
அதற்கு நாலு கால் வரைந்தான்,
ஒரு காது வரைந்தான். ஆடாம்.
ஓடிப்போகாமல் இருக்க
அடியில் என் பெயரை எழுதினான்,
எவோடியா,
நடுவே ஓர் எழுத்தை விட்டுவிட்டு.

திருத்தவில்லை. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.
சரியான எழுத்துகளோடு அதே பெயரை
எங்கோ ஓர் அலுவலகத்தில்
யாரோ இப்போது தேடிக்கொண்டிருப்பார்கள்.